பற்றிஸ் எப்ப சைவமானது?

‘டம்ளிங்’ என்பதற்கு எங்கட ஊரில நேரான ஒரு சொல் இல்லை. சாமான் இருக்கு. மாவைத் தட்டி, நடுவில எதையாவது வைச்சு, மூடி, அவிச்சோ பொரிச்சோ எடுத்தால் முடிஞ்சுது. அப்படிப் பார்த்தால் மோதகமும் கொழுக்கட்டையும் டம்ளிங்தான். சுசியம், பயற்றம் பணியாரம், சமோசா, பற்றிஸ் எல்லாம் அதே குடும்பம். சல்லியில எந்த ஒழுங்கைக்குள்ள போய்க் கேட்டாலும் இதில நாலைந்தைச் செய்யத் தெரிஞ்ச ஒருத்தர் இருப்பார்.

ஆனாலும் போனைத் திறந்தால் ‘வீட்டிலேயே வீகன் ஃபிரைட் டம்ளிங் செய்வது எப்படி’ என்று ஒரு காணொளி வருது. சோயா சோஸ், எள்ளெண்ணெய், சுப்பர் மார்க்கட்டில குளிரில வைச்ச மாத்தாள். அதைப் பார்த்துவிட்டு எங்களோட படிக்கிற ஒருத்தி கேட்டாள்: “இதுக்குச் சாமான் வாங்கவே ரவுனுக்குப் போகவேணும். பேசாமல் அம்மா கோயில் நாளில செய்யிற பற்றிஸைச் செய்தால் என்ன?” நியாயமான கேள்வி. அந்தப் பற்றிஸில மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. அதிலிருந்து எங்களுக்கு அடுத்த கேள்வி வந்தது. கடலில வலை இழுத்துச் சாப்பிடுகிற ஒரு ஊரில, வெள்ளைக்காரப் பேர் உள்ள ஒரு பலகாரம், எப்ப இப்படிச் சைவமானது? தேடிக்கொண்டு போனால் கதை துறைமுகத்துக்கும் யுத்தத்துக்கும் நிவாரண அட்டைக்கும் போய் நிற்குது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் சொற்களைப் பிரிச்சு வைப்பம். எங்கட ஆச்சிமாருக்குச் ‘சைவம்’ என்றால் மச்சம் இல்லாதது. மீன், இறைச்சி, முட்டை கூடாது. பால், தயிர், நெய் தாராளமாகச் சேரும். கோயிலுக்கே பாலும் நெய்யும்தானே போகுது. வீகன் என்றது வேறை. 1944 நவம்பரில் டொனால்ட் வட்சனும் வேறு சிலரும் லண்டனில் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பாலும் முட்டையும்கூட வேண்டாம் என்றவர்களுக்காக உண்டாக்கின சொல் அது. இப்போது தமிழில் ‘நனிசைவம்’ என்று எழுதுகிறார்கள். விலங்கைப் பயன்படுத்தமாட்டேன் என்று ஒரு ஆள் யோசிச்சு எடுக்கிற முடிவு அது. அதே 1944இல் எங்கட திருகோணமலைத் துறைமுகம் பிரித்தானியக் கிழக்குக் கடற்படையின் தளமாக, போர்க்கப்பல்களால் நிறைஞ்சு கிடந்தது. எங்கட பற்றிஸைப் பொறுத்தவரை லண்டன் சங்கத்தைவிட அந்தக் கப்பல்களுக்குத்தான் பங்கு கூட.

கப்பல் வருவதற்கு முந்தி என்ன இருந்தது? உள்ளீடு வைச்சுப் பிடிக்கிற பலகாரம் தமிழில் மிகப் பழையது. சங்க இலக்கியமான மதுரைக்காஞ்சியில் இரவுக் கடைத்தெரு வருகிறது. அங்கே மோதகம் விற்கிற கூவியர் தூங்கி வழிகிறார்கள். அந்த மோதகத்தின் உள்ளீடு என்ன என்று நச்சினார்க்கினியர் உரை எழுதும்போது சொல்கிறார்: பருப்பும் தேங்காயும், அதோட சர்க்கரையும். இன்றைக்கு எங்கட வீட்டில விநாயக சதுர்த்திக்குச் செய்கிற மோதகத்தைப் பிட்டுப் பார்த்தாலும் அதுதான் உள்ளுக்கு இருக்கும். பயறு வறுத்து உடைச்சு அவிச்சு, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் போட்டுப் பிசைஞ்சு வைக்கிறம். சர்க்கரை என்று நாங்கள் சொல்வது வெல்லத்தை. இந்தியாவில இருந்து வாசிக்கிறவர்கள் சீனியைப் போட்டுவிடாதீர்கள்.

மோதகம் அவிக்கிறது. அதே உள்ளீட்டை உருண்டையாகப் பிடிச்சு, அரிசிமாவைத் தேங்காய்ப்பாலில கொஞ்சம் மஞ்சளும் உப்பும் போட்டுக் கரைச்சு, அதில தோய்ச்சு எண்ணெயில விட்டால் சுசியம். தமிழ்நாட்டில சுகியன், சுழியன் என்கிறார்கள். ஒரு துளி பால் இல்லை, முட்டை இல்லை, நெய்யும் தேவையில்லை. யாரும் வீகன் என்று பேர் வைக்காமலே முழு வீகன் பொரித்த டம்ளிங். இதில எங்களுக்குப் பிடிச்ச விசயம், அந்தத் தோய்க்கிற யோசனை. அரிசிமாவில கோதுமையில இருக்கிற மாதிரி இழுபடுகிற புரதம் கிடையாது. மெல்லிசாகத் தட்டி மூடிக் கொதிக்கிற எண்ணெயில போட்டால் வெடிச்சு, உள்ளீடு எல்லாம் எண்ணெயோட போய்விடும். அதனால அரிசி தின்கிற நாடுகளில உள்ளீடு வைச்ச பலகாரம் பெரும்பாலும் ஆவியில வேகுது. பொரிக்கவேணும் என்று ஆசை வந்தால் தோலைத் தட்டாமல் மாவில தோய்க்கிறது. எங்கட ஆட்கள் கண்டுபிடிச்ச குறுக்கு வழி அது.

தோலைத் தட்டி, மடிச்சுப் பொரிக்கிறதுக்குக் கோதுமை வேணும். கோதுமை விளைகிற தேசங்களில அந்த வகை எப்பவோ வந்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டில தில்லி சுல்தானின் விருந்தில, கொத்திய இறைச்சியை மெல்லிய மாத்தாளில சுற்றி நெய்யில பொரிச்ச பலகாரத்தை இபின் பதூதா எழுதி வைச்சிருக்கிறார். எங்கட சமோசாவின் பாட்டன். அதே மனிதர் 1344இல் இந்தத் தீவுக்கும் வந்து ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்திச்சார். இங்கே அவர் எழுதினது முத்தையும் கறுவாவையும் பற்றி. கோதுமை விளையாத ஊரில கோதுமைப் பலகாரத்துக்கு அவர் எங்கே போவார்.

பிறகு போர்த்துக்கேயர் வந்தார்கள். திருகோணமலைக்கு அவர்கள் செய்ததில முதலாவதாக எல்லாருக்கும் ஞாபகம் வருவது 1622இல் கோணேசர் கோயிலை இடிச்சது. அந்தக் கற்களால கோட்டை கட்டினது. நியாயமாகவே அதுதான் முதலில் ஞாபகம் வரவேணும். ஆனால் அவர்கள் எங்கட குசினிக்குள்ளும் நுழைஞ்சவர்கள். ‘குசினி’ என்ற சொல்லே அவர்களுடையது. பொரிக்கிற தாச்சியும் அவர்கள் சொல். பாண், விசுக்கோத்து, கோப்பை, அலுமாரி எல்லாம் அதே கப்பலில் வந்த சொற்கள். உருளைக்கிழங்கும் மிளகாயும் தென்னமெரிக்காவில இருந்து ஐரோப்பியர் வழியாக வந்தவை. இந்தப் பட்டியலை அப்படியே கூட்டிப் பாருங்கோ: தாச்சி, மிளகாய், கிழங்கு. இன்னும் மா மட்டும்தான் குறைவு.

பற்றிஸின் பேர் ஆங்கிலத்தின் வழியாக எங்களிடம் வந்தது. சிங்களத்திலயும் கிட்டத்தட்ட அதே சொல்தான். ஆனால் மாத்தாளில மடிச்ச அந்தப் பிறைவடிவப் பலகாரத்தை இந்தத் தீவில வளர்த்தவர்கள் பறங்கியர். திருகோணமலைக்கு இது தூரத்துக் கதை இல்லை. பாலையூற்றில இன்றைக்கும் போர்த்துக்கேயப் பறங்கியர் குடும்பங்கள் இருக்கு. அவர்களில மூத்தவர்கள் சிலர் இன்னும் போர்த்துக்கேய மொழியின் ஒரு வடிவத்தைப் பேசுகிறார்கள். இலங்கையில அது மட்டக்களப்பிலயும் திருகோணமலையிலயும்தான் மிஞ்சியிருக்கு. கிறிஸ்மஸ், கலியாணம், பிறந்தநாள் என்று பறங்கியர் வீட்டில செய்த பலகாரம், பேக்கரிகள் வழியாக எல்லாருக்கும் பொதுவானது. அந்த மூலப் பற்றிஸில இறைச்சியோ மீனோ இருக்கும். மாவில முட்டை மஞ்சள்கருவும் பட்டரும் சேரும். ஆக, பிறக்கும்போது அது சைவத்துக்கு எட்டாத தூரத்தில இருந்த சாமான்.

இனி மாவின் கதை. நாங்கள் அதிக நேரம் செலவழிச்சது இதில்தான், ஏனென்றால் வீட்டுக்குப் பின்னால இருக்கிற விசயத்தை எங்களுக்கு ஒருத்தரும் வகுப்பில சொல்லித் தரவில்லை.

இலங்கையில கோதுமை விளையிறதில்லை. பிரித்தானியர் காலத்தில பாண் இருந்தது. ஆனால் அது ரவுன் ஆட்களுக்கும் ‘டொக்யாட்’டில வேலை செய்தவர்களுக்கும் பழக்கம். கிராமத்தில சோறும் பிட்டும்தான். மாற்றியது இரண்டாம் உலக யுத்தம். இந்தத் தீவுக்கு வேண்டிய அரிசியில பெரும்பங்கு பர்மாவில இருந்து வந்துகொண்டிருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதோட அந்த வழி அடைபட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில குண்டு போட்டன; சீனக்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றும் எரிந்தது. உணவுப் பங்கீடு தொடங்கியது. குறைஞ்ச அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா பங்கீட்டுக்குள்ள வந்தது. சனம் விரும்பி வாங்கினது என்று சொல்ல முடியாது. கூப்பனில வந்தது, எடுத்தார்கள்.

யுத்தம் முடிஞ்சும் மா போகவில்லை. 1953 ஓகஸ்ட் 12இல் நடந்த ஹர்த்தாலைப் பற்றிப் படிச்சிருப்பீர்கள். கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமானதுக்குத்தான் நாடு எழும்பியது. அரிசி என்றது ஆட்சியை ஆட்டுகிற சாமான். 1954இல் அமெரிக்கா தன் மிஞ்சின தானியத்தை நட்பு நாடுகளுக்குக் கொடுக்கிற ‘பி.எல். 480’ சட்டத்தைக் கொண்டுவந்தது. அந்த வழியில வந்த மாவின் ஞாபகம் எங்கட பேச்சில ஒட்டிக்கொண்டிருக்கு: வயசான ஆட்கள் இன்னும் கடையில போய் ‘அமெரிக்கன் மா’ என்றுதான் கேட்கிறார்கள், அது எந்த நாட்டுக் கோதுமையாக இருந்தாலும்.

இந்த இடத்தில எங்கட பெண்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் போக ஏலாது. கோதுமை மாவைப் பச்சையாகப் பிட்டுக்குக் குழைச்சால் பசை மாதிரி ஒட்டும். அதனால மாவைத் துணியில கட்டி ஆவியில அவிச்சு, கட்டி உடைச்சு, அரிச்செடுத்தார்கள். அவிச்ச கோதுமை மா. அந்தச் சூட்டில மாவின் இழுவைச் சக்தி செத்துப்போகுது. அரிசிமா மாதிரி உதிருது. பிட்டும் இடியப்பமும் அதில வரும். வெளிநாட்டு மாவை எங்கட சாப்பாட்டுக்குப் பணியவைச்ச தொழில்நுட்பம் இது. யார் முதலில் செய்தார் என்று எந்தப் புத்தகத்திலயும் பேர் இருக்காது. கண்டுபிடிப்பாளர் என்று ஆண்கள் பேரைப் பட்டியல் போடுகிற பாடப்புத்தகத்தில இதுக்கு ஒரு வரி கொடுத்திருக்கலாம் என்பது எங்கட அபிப்பிராயம். பற்றிஸுக்கு மட்டும் நேரெதிர். அங்கே அந்த இழுவை வேணும். அதனால ‘பச்சை மா’. ஒரே வீட்டில இரண்டு பேணி: ஒன்றில அவிச்ச மா, மற்றதில பச்சை மா. ஒன்று எங்கட பழைய சாப்பாட்டுக்கு, மற்றது புதுசுக்கு.

1970களின் நடுப்பகுதியை ஊரில மூத்தவர்கள் ‘பாண் வரிசைக் காலம்’ என்கிறார்கள். உலகச் சந்தையில கோதுமையும் எண்ணெயும் விலை ஏறின காலம், அரசு இறக்குமதியை இறுக்கின காலம். அரிசியை ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகவே கட்டுப்பாடு. மரவள்ளிதான் பல வீடுகளில இரவுச் சாப்பாடு. 1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்தது, அதோட எங்கட துறைமுகத்துக்கு ஒரு ஆலை வந்தது.

சல்லியில இருந்து ரவுனுக்குப் போய், கண்டி றோட்டால வெளியில போனால் சீனக்குடா. அங்கே துறைமுகக் கரையில நிற்கிற உயர்ந்த கட்டடங்கள்தான் பிறீமா. 1977இல் சிங்கப்பூர் பிறீமா நிறுவனத்துக்கும் இலங்கை அரசுக்கும் ஒப்பந்தம். 1980இல் ஆலை மா அரைக்கத் தொடங்கியது. அதுவரை மாவாக வந்தது இப்போது முழுக் கோதுமையாகக் கப்பலில வந்து, திருகோணமலையில அரைபட்டு, தீவு முழுக்கப் போனது. ஏற்பாடு சுவாரசியமானது: கோதுமையை அரசு கொண்டுவந்து கொடுக்கும், மாவை அரசு எடுக்கும், அரைச்ச கூலியாகத் தவிடு ஆலைக்கு. அந்தத் தவிடு கோழித்தீனாகவும் மாட்டுத்தீனாகவும் போகும். ஆக, பற்றிஸின் தோலும் அதில பூசுகிற முட்டையும் ஒரே கப்பலோட கட்டப்பட்டவை. 2001இல் ஆலை முழுதாகத் தனியார் கைக்குப் போனது. உலகின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில ஒன்று என்று எங்களுக்குச் சின்ன வயசில சொல்லித் தந்தார்கள். அந்த ஆழத்தால எங்கட தட்டுக்கு என்ன வந்தது என்று கேட்டால் நேரான பதில், மா.

திறந்த பொருளாதாரத்தோட ‘ஷோர்ட் ஈட்ஸ்’ பெருகியது. ரோல்ஸ், கட்லட், பற்றிஸ். மலிவான மா, மலிவான எண்ணெய், பள்ளிக்கூடக் கன்ரீன், பஸ் நிலையத் தேத்தண்ணிக் கடை. உள்ளுக்கு வைச்சது பெரும்பாலும் ரின்மீன். எங்கட கரையில விடியக்காலமை கரைவலையில மீன் துள்ளும். பத்து மணிக்குக் கன்ரீனில பிள்ளைகள் வாங்குவது வெளிநாட்டு ரின்மீன் வைச்ச பற்றிஸ். இதை நினைச்சுச் சிரிக்காமல் இருக்க ஏலாது. முள் எடுக்கிற வேலை மிச்சம் என்பதுதான் காரணம்.

சைவப் பற்றிஸ் இரண்டு பக்கத்தாலயும் வந்திருக்கவேணும் என்று நாங்கள் நினைக்கிறம். ஒன்று விரதம். அம்மன் கோயில் திருவிழா, கந்தசஷ்டி, கௌரி விரதம், திருவெம்பாவை என்று வருசத்தில எத்தனையோ நாள் எங்கட வீடுகளில மச்சம் ஏறாது. முத்துமாரியம்மன் கடற்கரையிலதான் இருக்கிறா. அவவின்ர நாட்களில ஊரே சுத்தமாக இருக்கும். அந்த நாளில வாற விருந்தாளிக்கு வடையும் மோதகமும் போதும் என்று பெரியவர்கள் நினைப்பார்கள். பிள்ளைகள் பற்றிஸ்தான் கேட்கும். அப்ப மீனை எடுத்துக் கிழங்கை வைச்சார்கள், முட்டையை எடுத்துத் தேங்காய்ப்பாலை விட்டார்கள். பாலுக்குத் தடை இல்லாத விரதத்திலகூட மாவில பட்டர் சேரவில்லை. காரணம் பக்தி இல்லை, பட்டரின் விலை.

மற்றது யுத்தம். 1990 ஜூனில யுத்தம் திரும்பத் தொடங்கினபோது திருகோணமலை மாவட்டத்துச் சனம் பல திசைக்கும் ஓடியது; படகேறி இந்தியாவுக்கும் போனது. திரும்பி வந்தவர்களும் போகாமல் நின்றவர்களும் அகதிமுகாம், நலன்புரி நிலையம் என்று வருசக்கணக்காக இருந்தார்கள். அங்கே வாழ்க்கையை ஓட்டினது உலர் உணவு நிவாரணம். அரிசி, கோதுமை மா, பருப்பு, சீனி, எண்ணெய். இந்த ஐந்தையும் திரும்ப ஒருக்கா வாசியுங்கோ. மா இருக்கு, பருப்பு இருக்கு, எண்ணெய் இருக்கு. மீன் இல்லை, ஏனென்றால் கடலுக்குப் போக ‘பாஸ்’ வேணும், பாஸ் இருந்தாலும் நேரக்கட்டுப்பாடு. முட்டைக்குக் காசு இல்லை. பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் தாய் என்ன செய்வா? பருப்பை இறுக்கமாக அவிச்சு, செத்தல் மிளகாய் இடிச்சுப் போட்டு, நிவாரண மாவில மடிச்சு, நிவாரண எண்ணெயில பொரிப்பா. முகாமில வளர்ந்த எங்கட மாமாமார் மாமிமார் பருப்புப் பற்றிஸை இன்றைக்கும் இரண்டு விதமாகத்தான் பார்க்கிறார்கள்: சிலருக்கு அது உயிர், சிலர் தொடவே மாட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கட கரைக்குள்ள வந்தபோது நிவாரண லொறியில இறங்கினதும் திரும்ப அதே மா, அதே பருப்பு.

வீகன் என்ற சொல்லை நாங்கள் இந்தப் பற்றிஸுக்கு ஒட்டத் தயங்குவது இதனாலதான். அந்தத் தாய்மார் விலங்குக்காக முட்டையை விடவில்லை. முட்டை அவர்களை விட்டுப் போனது. ஒருவர் மனமறிந்து எடுக்கிற முடிவையும், வேறு வழியில்லாமல் வந்த சமையலையும் ஒரே பேரில அழைச்சால், இரண்டாவதன் கதை முதலாவதுக்குள்ள மறைஞ்சு போகும். வீகன் நண்பர்களோட எங்களுக்குச் சண்டை இல்லை. எங்களிலயே இரண்டு பேர் பால் தேத்தண்ணியை விட்டுவிட்டார்கள். ஆனால் ‘புதுசு’ என்று ஒரு காணொளி சொல்லும்போது பழசு என்ன என்று தெரிஞ்சிருக்கிறது நல்லது.

சோயாவையும் ஒரு வார்த்தை சொல்லவேணும். எண்ணெய் எடுத்த சோயாப் புண்ணாக்கை இறைச்சி மாதிரி நார்நாராக்குகிற தொழில்நுட்பத்தை 1960களில அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் கொண்டுவந்தது. இலங்கையில ‘சோயா மீற்’ என்று பக்கற்றில வந்து, இறைச்சி வாங்க ஏலாத வீடுகளின் ஞாயிற்றுக்கிழமைக் கறியாகிப்போனது. சைவப் பற்றிஸுக்குள்ள அதை உதிர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. ஊறவைச்சுப் பிழிஞ்சால் போதும். எங்களுக்கு அவ்வளவு பிடிப்பில்லை. அந்தப் பக்கற்றுத் தூளின் வாசம் கறிவேப்பிலையை அமுக்கிவிடும்.

செய்யிற முறையை இதுவரை தள்ளிக்கொண்டே வந்தோம். ஊரில பற்றிஸ் போட்டு விற்கிற அக்காமார் செய்கிறதைப் பார்த்து எழுதுகிறோம். ஒரு கிலோ பச்சை மாவில உப்புப் போட்டு, தேங்காயெண்ணெயைப் புகை வராத அளவுக்குச் சூடாக்கி நாலைந்து மேசைக்கரண்டி விட்டு, விரல் நுனியால தேய்க்கவேணும். மா ஈர மணல் மாதிரி பிடிபட்டு உதிரவேணும். எண்ணெய் மாவைப் பூசிக்கொள்வதால தண்ணி முழுதாக ஊறாது. அதனாலதான் பொரிச்ச தோல் றப்பர் மாதிரி இழுபடாமல் மொறுமொறுக்குது. முட்டையும் பட்டரும் செய்த வேலையை இதுவே செய்துவிடும். பிறகு முதல்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இறுக்கமாகக் குழைச்சு, சில துளி தேசிப்புளி விட்டு, ஈரத்துணியால மூடி அரை மணித்தியாலம் விடவேணும். அவசரப்பட்டால் உருட்ட உருட்டச் சுருங்கும்.

உள்ளீட்டுக்குக் கிழங்கை அவிச்சு மசிச்சு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம் தாளிச்சுப் பிரட்டுகிறது. லீக்ஸும் கரட்டும் மலைநாட்டில இருந்து வரவேணும், விலை கூடின நாளில விட்டுவிடலாம். அவிச்ச மரவள்ளி, பிலாக்காய், பருப்பு எதுவும் சரி. முக்கியம் ஒன்றே: ஈரம் இருக்கக்கூடாது, முழுக்க ஆறியிருக்கவேணும். சூட்டோட வைச்சால் உள்ளுக்கு ஆவி நின்று எண்ணெயில வெடிக்கும். மாவைக் கண்ணாடி மாதிரி இல்லாவிட்டாலும் ஓலை அளவுக்கு மெல்லிசாக உருட்டி, பால்பேணியின் வாயால வட்டம் வெட்டி, நடுவில ஒரு தேக்கரண்டி வைச்சு, விளிம்பில தண்ணி தொட்டு மடிச்சு, முள்ளுக்கரண்டியால அமத்துகிறது. எண்ணெயில சின்ன மாத்துண்டு போட்டுப் பார்த்தால், அடியில போய் உடனே மேல வரவேணும். அங்கேயே கிடந்தால் சூடு காணாது, பற்றிஸ் எண்ணெய் குடிக்கும்.

இந்த எண்ணெய், மா, முட்டை மூன்றும் சேர்ந்து ஊரை ஆட்டின காலத்தை நாங்கள் நேரடியாகப் பார்த்தோம். 2021 ஏப்ரலில அரசு பாம் எண்ணெய் இறக்குமதியைத் தடை செய்தது. தேங்காயெண்ணெய் விலை ஏறியது. அந்த வருசமே பால்மாவுக்கு வரிசை. 2022இல் டொலர் இல்லை, உக்ரைன் யுத்தம் வேறு. 2021இன் தொடக்கத்தில நூறு ரூபாய்க்குக் குறைவாக இருந்த ஒரு கிலோ கோதுமை மா, 2022 செப்டெம்பரில 400 ரூபாய் வரை போனது. காஸ் இல்லை. கோழித்தீன் இல்லாமல் பண்ணைகள் சுருங்கி, கடைசியில 2023இல் இந்தியாவில இருந்து முட்டை இறக்கினார்கள். அந்த நாட்களில ஊரில கன்ரீனுக்குப் பற்றிஸ் கொடுத்த பெண்கள் முதலில் முட்டைப் பூச்சை விட்டார்கள், பிறகு ரின்மீனை விட்டார்கள், பிறகு அளவைச் சின்னதாக்கினார்கள். விறகில தாச்சி வைச்சார்கள். நுண்கடனுக்கு வாராவாரம் காசு கேட்டு வாசலில ஆள் வந்துகொண்டிருந்தது. ஆகவே பலகாரம் போடாமல் இருக்கவும் வழியில்லை. விரதநாள் பற்றிஸ் எல்லா நாளுக்குமானது அப்போதுதான். ‘சைவம்’ என்று கன்ரீன்காரர் ஒரு தட்டில எழுதி வைச்சார். உண்மையில அந்தத் தட்டில இருந்தது விலைவாசி.

சிலர் அப்ப அரிசிமாவிலயும் குரக்கன்மாவிலயும் பற்றிஸ் போட்டுப் பார்த்தார்கள். முன்னே சொன்ன அதே பிரச்சினை: மடிக்கிற இடத்தில வெடிப்பு, எண்ணெயில உதிர்வு. பாதிக்குப் பாதி கோதுமை கலந்தால் நிற்குது. முழுதாக விட ஏலாது. அதில சலிச்சுப்போன ஒரு அக்கா மாமியாரிடம் கேட்டு, உறைப்புச் சுசியம் போடத் தொடங்கினா. பயறும் கிழங்கும் மிளகாயும் சேர்ந்த உருண்டை, தேங்காய்ப்பாலில கரைச்ச அரிசிமாவில தோய்ச்சுப் பொரிச்சது. சீனக்குடாவில இருந்து ஒரு கரண்டி மா தேவைப்படாத டம்ளிங். அரிசியும் தேங்காயும் ஊரிலயே கிடைக்கும், பயறும் இந்த நாட்டிலயே விளையும்.

இப்ப மா விலை இறங்கியிருக்கு. கன்ரீனில ரின்மீன் பற்றிஸ் திரும்ப வந்துவிட்டது; சைவத் தட்டும் எடுபடவில்லை. அந்த அக்கா வெள்ளிக்கிழமைகளில சுசியமும் கொண்டுபோறா. விலை பற்றிஸைவிடக் குறைவு. ஆசிரியர்மார் எடுக்கிறார்கள். பிள்ளைகள் இன்னும் பற்றிஸைத்தான் கேட்குதுகள், சுசியத்தில ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, “இதென்ன ரோல்ஸா?” என்று ஒரு சின்னவன் கேட்டானாம்.